கோடு போட்ட ஒயர்

“இதனால் இவ்வீட்டில் வசிப்போர் மற்றும் வந்துபோவோர் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி முதல் பத்து மணி வரை, நமது குடும்ப வாகனத்தின் முன்கதவு ஒலிபெருக்கிகள் இரண்டும், வெளியார் உதவி ஏதுமின்றி, குடும்பத் தலைவராலேயே அகற்றப்பட்டுப் புதியன பொருத்தப்படும். மேற்படி நேரத்தில் வாகனத்தைப் பயன்படுத்தவோ, யோசனைகள் கூறவோ வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.”

வியாழக்கிழமை மாலை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்ட இந்த அறிவிப்பைப் படிக்க அந்த வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். குடும்பத் தலைவரின் மனைவி. குடும்பத் தலைவரோ குடிநீர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். இருபத்தாறு வருடங்களாக ஊருக்குப் போகிற சுற்றறிக்கைகளை எழுதுகிற கை, வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. ஃப்ரிட்ஜ் கதவில் ஏற்கெனவே ஏழு தாள்கள் தொங்கிக்கொண்டிருந்தன. குளியலறை விளக்கை அணைப்பது பற்றி ஒன்று. செருப்புகளின் திசை பற்றி ஒன்று. பெருமைக்காக அலுவலகச் சுற்றறிக்கையின் நகல் ஒன்று. அந்தக் கதவு இன்ன நிறம் என்பதே வீட்டாருக்கு மறந்துபோயிருந்தது.

மனைவி தாளை விலக்கி, கதவைத் திறந்து, பாலை எடுத்துக்கொண்டு சொன்னாள்: “பத்து மணிக்கு முடிச்சா எப்படி? பத்து மணிக்கு அவ பேச ஆரம்பிச்சிடுவா.”

அவர் சிவப்புப் பேனாவை எடுத்து, பத்தை ஒன்பதரை என்று திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமும் இட்டார்.

‘அவ’ என்பது மகள். எட்டு மாதத்துக்கு முன்னால், அலுவலக வேலைக்கான தேர்வு எதையும் எழுதப் போவதில்லை என்று சொல்லிவிட்டு உள்ளூர் ரேடியோ நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். அன்றிரவு சாப்பாட்டு மேஜையில் தலைமை எழுத்தர் ஓர் உரை நிகழ்த்தினார். ரேடியோ என்பது முடிந்துபோன விஷயம், இனி அதைக் கேட்க ஆள் கிடையாது, அது ஒரு தொழிலே அல்ல என்பது அதன் சாரம். சொன்னதை நிரூபிக்க, மறுநாள் காலையிலேயே வீட்டு ரேடியோவைப் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்தார். அதற்கடுத்த வாரம் மகள் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அதிலிருந்து அப்பாவிடம் பேச வேண்டியதை எல்லாம் அம்மா வழியாகத்தான் பேசினாள். அது அப்பாவுக்கு மாத்திரை வாங்கியாச்சா என்பதைத் தாண்டிப் போகவில்லை.

இத்தனை நாள் மற்றவர்களுக்கு எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு இப்போது சொந்தமாக ஒரு நிகழ்ச்சி கொடுத்திருந்தார்கள். ஞாயிறு காலை பத்திலிருந்து பத்தரை வரை. அம்மாவிடம் அவள் சொன்னது இதுதான்: “முடிஞ்சதும் போன் பண்றேன். அப்பாகிட்டக் குடு. கேட்டாரா, கேட்ட மாதிரி நடிக்கிறாரான்னு ஒரே கேள்வியில கண்டுபிடிச்சிடுவேன்.”

கண்டுபிடித்துவிடுவாள் என்பது அவருக்குத் தெரியும். ஏழு வயதிலேயே, தன் மதிப்பெண் அட்டையைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள். இந்த முறை கையெழுத்துப் போட்டுத் தப்ப முடியாது. கேட்டே ஆகவேண்டும். நன்றாகக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் இன்னொரு எட்டு மாதம் மாத்திரை விசாரணைதான்.

சிக்கல் என்னவென்றால் அந்த நிலையம் மிகவும் சின்னது. போனிலெல்லாம் வராது, காற்றில் மட்டும்தான் வரும். குடும்பத்துக்கு மிச்சமிருந்த ஒரே ரேடியோ அவருடைய பத்தொன்பது வயதுக் காரில் இருந்தது. அதன் முன்கதவு ஸ்பீக்கர்கள் இரண்டும் கிழிந்துபோய் நாளாகிவிட்டது. யார் பேசினாலும் வாயில் சரளைக்கல்லை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும். பின்கதவுகளில் ஸ்பீக்கர் வைக்க வேண்டும் என்று அந்தக் காரைச் செய்தவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை.

கடையில் கொடுத்து மாற்றலாம்தான். மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்று கடைக்காரர் சொன்னதை, இவர் மனைவியிடம் வேறு மாதிரி சொன்னார். “இதுக்கெல்லாம் எதுக்கு கடை? நாலு ஸ்க்ரூ.”

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வீட்டு வாசலில் காரின் இரண்டு முன்கதவுகளும் விரியத் திறந்திருந்தன. ஏழு ஐந்துக்கு, அறிவிப்பில் ‘வந்துபோவோர்’ என்று குறிக்கப்பட்டவர் வந்துவிட்டார். மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடங்களையே தன் கையால் ஏற்றி இறக்குவதாக நினைப்பவர். தன் அனுமதியில்லாமல் எந்த ஒயரிலும் மின்சாரம் ஓடக்கூடாது என்பது அவர் கொள்கை. அக்கா கணவரான மாமாவுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ‘சுற்றறிக்கை’. முன்னால் சொல்ல மாட்டார். மாமா அந்தப் பக்கம் திரும்பியதும் சொல்வார்.

“யோசனை சொல்ல வரல மாமா. சும்மா நிக்கிறேன்” என்றார் மைத்துனர். சொல்லிவிட்டு, சும்மா நிற்பதற்குக் கொண்டுவந்திருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து ஸ்க்ரூ டிரைவர்களை வரிசையாக அடுக்கினார்.

கதவின் உள்பலகையைக் கழற்றத் தலைமை எழுத்தர் ஒரு மணி நேரம் போராடினார். கைப்பிடிக் குழிக்குள் ஒளிந்திருந்த திருகைக் கண்டுபிடித்தார். கை வைக்கும் மேட்டுக்கு அடியிலிருந்த இரண்டையும் கண்டுபிடித்தார். கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி மட்டும் அசையவில்லை. அதில் திருகே இல்லை. அவர் அதை இழுத்தார், உதைத்தார், ஒருமையில் பேசினார். மைத்துனர் சும்மா நின்றார். கடைசியில் பெருமூச்சு விட்டுவிட்டு, ஒரு பழைய துணியைக் கைப்பிடிக்குப் பின்னால் நுழைத்து, முதுகு தேய்ப்பதுபோல் இருபுறமும் இழுத்தார். உள்ளே கவ்வியிருந்த கம்பி வளையம் தெறித்துப் போய்ப் பூந்தொட்டியில் விழுந்தது. கைப்பிடி தானாகக் கழன்று மைத்துனரின் உள்ளங்கைக்கு வந்தது.

“இது யோசனை இல்ல மாமா. துணி.”

அதற்குமேல் அவரை வெளியே நிறுத்திவைக்க முடியவில்லை. ஆளுக்கொரு கதவு என்று ஒப்பந்தமாயிற்று. ஓட்டுநர் பக்கம் உரிமையாளருக்கு. மறுபக்கம் மைத்துனருக்கு. இருவரும் ஆளுக்கொரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். நடுவில் கார்.

பழைய ஸ்பீக்கர்களை ரிவெட் அடித்துப் பொருத்தியிருந்தார்கள். துளையிட்டு உடைத்து வெளியே எடுத்தபோது உண்மை தெரிந்தது. கறுப்புக் காகிதக் கூம்பு நெடுக்காகக் கிழிந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த நுரை வளையம் தொட்டதும் மாவாக உதிர்ந்தது. கிழிந்ததற்குக் காரணம் யார் என்று ஒரு சிறிய விசாரணை நடந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் காரை இரவல் வாங்கிப்போய், சத்தத்தை முழுக்கத் திருப்பி வைத்து ஓட்டியவரே காரணம் என்றார் மாமா. பத்தொன்பது வருடம் மழையும் வெயிலும் பட்டால் மனிதனே உதிர்ந்துபோவான், காகிதம் எம்மாத்திரம் என்றார் மைத்துனர். தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது.

ஒயர் முனையிலிருந்த பழைய சொருகி புதிய ஸ்பீக்கருக்குப் பொருந்தவில்லை. வெட்டியெறிந்தார்கள். இப்போது ஒவ்வொரு கதவிலிருந்தும் இரண்டு ஒயர்கள் எட்டிப்பார்த்தன. ஒன்று வெறும் ஒயர். இன்னொன்றின் மேல் நீளமாக ஒரு கோடு. புதிய ஸ்பீக்கரின் முதுகில் சிவப்பு வாய் ஒன்று, கறுப்பு வாய் ஒன்று. அழுத்தினால் திறந்து ஒயரைக் கவ்விக்கொள்ளும். சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ் என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. கோடு போட்ட ஒயர் எந்த வாய்க்குள் போக வேண்டும் என்பதில்தான் இரு குடும்பங்களும் பிரிந்தன.

“கோடு போட்டதுதான் பாசிட்டிவ்” என்றார் தலைமை எழுத்தர். “முக்கியமான வரிக்குத்தான் அடிக்கோடு போடுவோம். முக்கியம் இல்லாததுக்கு யாராவது கோடு போடுவாங்களா?”

“லிஃப்ட்ல கோடு போட்ட ஒயர் எல்லாம் திரும்பி வர்றது மாமா. நெகட்டிவ். இருபது வருஷமா பாக்கிறேன்.”

“இது லிஃப்ட் இல்ல, மாப்ள.”

“ஆபீசும் இல்ல, மாமா.”

கார்க் கையேட்டைப் பார்த்தால் தீர்ந்துவிடும். அதைத் தலைமை எழுத்தர் மிகவும் பத்திரமாக வைத்திருந்தார். எங்கே என்றுதான் தெரியவில்லை. ஆகவே நாகரிகமான இரண்டு ஆண்கள் செய்வதை அவர்களும் செய்தார்கள். அவரவர் கதவு அவரவர் கொள்கைப்படி. ஓட்டுநர் பக்கத்தில் கோடு சிவப்புக்குள் போயிற்று. மறுபக்கத்தில் கோடு கறுப்புக்குள் போயிற்று.

இதற்குள் மனைவி இரண்டு முறை வெளியே வந்து பார்த்துவிட்டாள். அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் ‘அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க’ என்று சொல்லிச் சொல்லி, சொன்னால் மனிதர்கள் கேட்பார்கள் என்கிற மூடநம்பிக்கை அவளுக்கு வந்திருந்தது. வீட்டில் அது பலித்ததில்லை.

“காலையிலேர்ந்து ரெண்டு கதவும் திறந்தே கிடக்கு. உள்ள லைட் எரியுது. நீங்க வேற சாவியைத் திருப்பித் திருப்பி ரேடியோவைப் போட்டுப் பாக்குறீங்க. பேட்டரி தாங்குமா?”

“அதெல்லாம் தாங்கும்” என்றார் கணவர்.

“பேட்டரியப் பத்தி நீ கவலைப்படாத அக்கா” என்றார் தம்பி.

அன்று இருவரும் ஒருமனதாகச் சொன்னது அது ஒன்றுதான்.

ஒன்பது நாற்பதுக்கு ரேடியோவைப் போட்டார்கள். காலை நேரத்து அறிவிப்பாளர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். சரளைக்கல் இல்லை. கரகரப்பு இல்லை. அறிவிப்பாளரும் இல்லை. வார்த்தை கேட்டது, ஆளைக் காணோம். பக்கத்துத் தெருவில் யாரோ தகர டப்பாவுக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இருந்தது. அடிக்குரல் என்று ஒன்று மனிதனுக்கு இருக்கிறதே, அதை யாரோ உருவி எடுத்திருந்தார்கள்.

“ஸ்பீக்கர் மட்டம்” என்றார் மாமா. “நிலையம் மட்டம்” என்றார் மைத்துனர். இருவருடைய முகத்திலும் ஈ ஆடவில்லை.

மனைவி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சத்தத்தை ஒரு பக்கமாகத் தள்ளும் குமிழைத் திருகினாள். ஓட்டுநர் பக்கம் மட்டும் பேசியது. அருமையான குரல், கனமாக, தெளிவாக. மறுபக்கம் திருகினாள். அதுவும் அருமை. குமிழை நடுவில் வைத்தாள். மறுபடி தகர டப்பா.

“தனித்தனியாப் பேசினா ரெண்டும் நல்லாத்தான் பேசுது” என்றாள். “சேர்ந்து பேசினாத்தான் ஒண்ணும் வெளங்கல. எனக்கு இது இருபத்தஞ்சு வருஷப் பழக்கம்.”

மைத்துனர் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. லிஃப்ட் மேலே போகும்போது கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர்ப்பாரம் கீழே வரும். அதேபோல, இங்கே ஒரு கூம்பு காற்றை வெளியே தள்ளும் நேரத்தில் இன்னொன்று உள்ளே இழுக்கிறது. ஒன்று செய்வதை மற்றது அழித்துக்கொண்டிருக்கிறது. எந்த ஒயர் பாசிட்டிவ் என்பது இப்போது முக்கியமே இல்லை. இரண்டு கதவும் ஒரே மாதிரி இருந்தால் போதும். யாராவது ஒருவர் தன் ஒயர்களை இடம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

“அவ்வளவுதானே? மாத்திடு மாப்ள” என்றார் தலைமை எழுத்தர் பெருந்தன்மையாக.

“நான் ஏன் மாத்தணும்? கார் உங்களுது. நீங்க மாத்துங்க மாமா.”

மணி ஒன்பது ஐம்பது. மனைவி காரிலிருந்து இறங்கினாள். அவள் குரல் உயரவில்லை. உயராததுதான் இருவருக்கும் பயமாக இருந்தது.

“எட்டு மாசமா எம்பொண்ணு அவ அப்பாகிட்ட நேராப் பேசல. இன்னிக்குப் பத்து மணிக்குப் பேசப்போறா. நான் உள்ள போய் போனை எடுத்துட்டு வரேன். வர்றதுக்குள்ள ஒருத்தர் மாத்தியிருக்கணும். யாருன்னு எனக்குத் தெரிய வேணாம்.”

அவள் போனபின் இருவரும் அவரவர் முக்காலியில் உட்கார்ந்தார்கள். நடுவில் கார் இருந்ததால் ஒருவர் கை மற்றவருக்குத் தெரியாது.

தலைமை எழுத்தர் தன் ஸ்பீக்கரைப் பார்த்தார். ரேடியோவை யார் கேட்கிறார்கள் என்று எட்டு மாதத்துக்கு முன் கேட்ட அதே மனிதர், இப்போது முழங்கை வரை கரியோடு ஒரு கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல் நான்கு திருகுகளையும் கழற்றினார். கோடு போட்ட ஒயரைச் சிவப்பு வாயிலிருந்து உருவிக் கறுப்பு வாயில் கொடுத்தார். எதிர்ப்பக்கம் ஸ்க்ரூ டிரைவர் திருகும் ஓசை கேட்டது. இறுக்குகிறான், பிடிவாதக்காரன் என்று நினைத்துக்கொண்டார். அவசரத்தில் ஒரே ஒரு திருகை மட்டும் போட்டு ஸ்பீக்கரை நிறுத்தினார்.

எதிர்ப்பக்கம் மைத்துனர், அக்கா மகளை முதன்முதலில் லிஃப்டின் உச்சி அறைக்குக் கூட்டிப்போய்க் கயிற்றுச் சக்கரம் சுற்றுவதைக் காட்டியவர், கோடு போட்ட ஒயரைக் கறுப்பிலிருந்து உருவிச் சிவப்பில் கொடுத்துக்கொண்டிருந்தார். மாமா பக்கத்திலிருந்து வந்த ஓசையைக் கேட்டு, இறுக்குறாரு சுற்றறிக்கை, இந்த ஜென்மத்துல இறங்கி வரமாட்டாரு என்று முணுமுணுத்தார்.

மாற்றினேன் என்று வாய்விட்டுச் சொன்னால் தோற்றேன் என்று சொன்னதாகிவிடும். எனவே இருவரும் சொல்லவில்லை.

மனைவி போனோடு வந்தாள். மணி ஒன்பது ஐம்பத்தாறு. ரேடியோவைப் போட்டாள்.

தகர டப்பா.

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஒருத்தரும் மாத்தலையா?”

“நான் மாத்திட்டேனே” என்றார்கள் இருவரும், ஒரே மூச்சில்.

காரின் கூரைக்கு மேலே இரண்டு தலைகள் எழுந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் எதுவுமே மாறவில்லை.

“சொல்லியிருக்கலாம்ல மாமா.”

“நீ சொன்னியா?”

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். ஏனென்றால் இப்போது புதிய ஆபத்து ஒன்று கிளம்பியிருந்தது. நான் மாற்றுகிறேன் என்று மாமா குனிந்தார். நீங்க இருங்க, நான் மாத்துறேன் என்று மைத்துனரும் குனிந்தார். இருவரும் நல்லவர்களாகிவிட்டார்கள். இப்படியே விட்டால் சாயங்காலம் வரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

“ரெண்டு பேரும் அசையாதீங்க” என்றாள். “மூச்சைப் பிடிங்க.”

பிடித்தார்கள். முதல் தடவையாகப் பலித்தது.

தனக்குப் பக்கத்தில் இருந்த கதவில் அவள் குனிந்தாள். அது தம்பியுடையது. அவரும் ஒரே திருகைத்தான் போட்டிருந்தார். கழற்றினாள், இரண்டு ஒயர்களையும் உருவி இடம் மாற்றினாள், ஸ்பீக்கரைத் திரும்பக் குழியில் வைத்துக் கையாலேயே பிடித்துக்கொண்டாள். எந்தக் கொள்கைக்கு வெற்றி என்று யாரும் கேட்கவில்லை. நேரமில்லை.

பத்து மணி.

குரல் அந்தக் கதவிலிருந்தும் வரவில்லை, இந்தக் கதவிலிருந்தும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில், முன்கண்ணாடிக்குக் கீழே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மகள் உட்கார்ந்து பேசினாள்.

அவள் பாட்டுப் போடுவாள் என்றுதான் தலைமை எழுத்தர் நினைத்திருந்தார். அவளோ அந்த வாரம் ஊரில் ஒட்டப்பட்ட அறிவிப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் உண்மையில் என்ன சொல்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எந்த பஸ் எந்த வழியாகப் போகாது, எந்த நூலகம் எப்போது திறக்கும். நான்காவதாக ஒரு தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“செவ்வாய்க்கிழமை தண்ணி வராது. காலையில ஆறு மணிக்கு நிறுத்தி, சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் விடுவாங்க. பெரிய குழாயைக் கழுவுறாங்க. திங்கட்கிழமையே பிடிச்சு வச்சுக்குங்க. மறுபடி விட்டதும் முதல்ல கொஞ்சம் கலங்கலா வரும், பயப்படாதீங்க.”

தலைமை எழுத்தர் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அது அவருடைய சுற்றறிக்கை. பதினோரு வரி. மூன்று நாள் உழைப்பு. ‘இயல்பான நிறத்தினின்றும் சற்றே மாறுபட்டுக் காணப்படலாகும்’ என்ற வரிக்காக மேலதிகாரி தோளில் தட்டியிருந்தார். அதைக் ‘கலங்கலா வரும்’ என்று முடித்துவிட்டாள்.

“செவ்வாய்க்கிழமையா?” என்றாள் மனைவி. “இத நீங்க சொல்லவே இல்லையே.”

“ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கேனே. ஒரு வாரமாச்சு.”

“அத யாரு படிச்சா?”

எதிர்வீட்டு வாசலில் பல் துலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், உள்ளே திரும்பித் திங்கட்கிழமையே பிடித்துவைக்க வேண்டும் என்று யாரிடமோ சொன்னார். இருபத்தாறு வருடத்தில் தான் எழுதிய ஒன்றுக்கு ஒரு மனிதர் கீழ்ப்படிவதைத் தலைமை எழுத்தர் அன்றுதான் கண்ணால் பார்த்தார். திரும்ப உட்கார்ந்தார். அரைமணி நேரமும் அசையவில்லை. மைத்துனர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

பத்து முப்பத்தைந்துக்குப் போன் வந்தது. மனைவி எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“கேட்டீங்களாப்பா?”

“கேட்டேன்.”

“என்ன கேட்டீங்க?”

“செவ்வாய்க்கிழமை தண்ணி வராது.”

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. “அது நீங்க எழுதினதுன்னு பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு. ‘யாதெனில்’னு வேற யாரு எழுதுவா?” பிறகு அவள் குரல் மாறியது. “எப்படி இருந்துச்சு?”

சொல்வதற்கு அவரிடம் இருபத்தாறு வருடச் சொற்கள் இருந்தன. ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

“புரிஞ்சுதும்மா” என்றார். “எல்லாருக்கும் புரிஞ்சுது. எனக்கும்.”

பதினோரு மணிக்கு வேலை முடிந்துவிடும், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரலாம் என்றிருக்கிறேன், வந்து கூட்டிப்போக முடியுமா என்று அவள் கேட்டாள். வர்றோம் என்றார் அவர். ‘வர்றேன்’ இல்லை, ‘வர்றோம்’. மைத்துனர் அதைக் கேட்டுக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

உள்பலகைகளை மாட்ட இருபது நிமிடம்தான் ஆயிற்று. பூந்தொட்டியிலிருந்து கம்பி வளையம் கிடைத்தது. பலகையைக் கவ்வும் மூன்று கிளிப்புகள் மிஞ்சின. அவை எதற்கும் தேவையில்லை என்று இருவரும் ஒருவருக்கொருவர் உறுதி சொல்லிக்கொண்டார்கள். தலைமை எழுத்தர் உள்ளே போய்க் கையைக் கழுவினார், வேறு சட்டை போட்டார், ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பைக் கழற்றிப் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘செவ்வாய் தண்ணி வராது’ என்று எழுதித் திரும்ப ஒட்டினார். யாதெனில் இல்லை. சுருக்கொப்பமும் இல்லை.

மூவரும் ஏறி உட்கார்ந்தார்கள். கதவுகள் இரண்டும் கனமான, நிறைவான ஓசையோடு சாத்திக்கொண்டன. அவர் கண்ணாடியைச் சரிசெய்து, ஒரு புதிய மனிதனைப்போல் முதுகை நிமிர்த்தி, சாவியைத் திருப்பினார்.

கார் ஸ்டார்ட் ஆகவில்லை.